வீட்டிலேயே பி.பி. பார்க்கும் முறை: எண்ணைக் கண்டு பயப்படவும் வேண்டாம், ஏமாறவும் வேண்டாம்





நாம் செய்த ஒரு தவறை முதலில் சொல்லிவிட்டுத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டும். நம் மஹல்லாவில் வசதி குறைந்த சில குடும்பங்களுக்கு சதகா நிதியிலிருந்து பி.பி. பார்க்கும் மிஷின் வாங்கிக் கொடுத்தோம். கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம். எப்படிப் பார்ப்பது என்று யாருக்கும் உட்கார்ந்து கற்றுத் தரவில்லை.

அதன் விளைவு இரண்டு வீடுகளில் தெரிந்தது. ஒரு வீட்டில் வயதான தாயார் பாயில் சம்மணமிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டே தினமும் பி.பி. பார்த்திருக்கிறார். பருமனான கைக்குச் சின்னப் பட்டை வேறு. ஒவ்வொரு நாளும் எண் கூடுதலாகவே வந்தது. பயந்துபோன மகன் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை இரண்டாக்கிவிட்டார். நான்காம் நாள் ஃபஜ்ருக்கு உளூச் செய்ய எழுந்தவர் தலை சுற்றிக் கீழே விழுந்தார். அல்லாஹ் காப்பாற்றினான், எலும்பு முறிவு இல்லை.

இன்னொரு வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறானது. ஷிஃப்ட் வேலைக்குப் போகும் சகோதரர் ஒருவர் சில வாரம் பி.பி. பார்த்தார். எண் நன்றாகவே இருந்தது. 'நமக்குச் சரியாகிவிட்டது' என்று மாத்திரையை நிறுத்திவிட்டார், மிஷினும் அலமாரிக்குப் போய்விட்டது. சில மாதம் கழித்து ஒரு காலையில் வாய் கோணி, இடது கை தூக்க முடியாமல் போனது. இப்போது அவர் நடக்கிறார். ஆனால் இடது கை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, வேலைக்கும் போக முடியவில்லை.

மிஷின் இரண்டு வீட்டிலும் நன்றாகத்தான் இருந்தது. பார்க்கும் முறையும், பார்த்த எண்ணை வைத்து என்ன செய்வது என்பதும் தெரியாததுதான் குறை. அந்தக் குறையை நிவர்த்தி செய்யவே இதை எழுதுகிறோம். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் படித்துக் காட்டுங்கள்.

இது எவ்வளவு பேருடைய பிரச்சினை?

2020-ல் தமிழ்நாடு முழுவதும் எடுக்கப்பட்ட ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது. அதைவிடக் கவலைக்குரிய செய்தி, அவர்களில் அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள் 100-க்கு 10 பேர்கூட இல்லை என்பது. 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் இந்த நிலையை மாற்றத்தான் வந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று அது தொடங்கி வைக்கப்பட்டது வேறெங்கும் இல்லை, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து பி.பி., சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. நம் மாவட்டத்தில் பிறந்த திட்டத்தை நாமே முழுமையாகப் பயன்படுத்தாமல் இருந்தால் அது நம் குறைதான்.

தன்னார்வலர் மாதம் ஒருமுறை வந்து பார்ப்பது ஒரு நாளின் ஒரு நிமிடத்தைத்தான் காட்டும். மற்ற நாட்களில் என்ன நடக்கிறது என்பதை வீட்டில் உள்ளவர்கள்தான் பார்க்க முடியும்.

அந்த இரண்டு எண்கள் என்ன?

இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் ஏற்படும் அழுத்தம் மேல் எண். இதயம் தளர்ந்து மீண்டும் நிரம்பும்போது இருக்கும் அழுத்தம் கீழ் எண். 120/80 என்றால் பாதரசத்தை 120 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தாங்கும் அழுத்தம், 80 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தாங்கும் அழுத்தம் என்று பொருள். இன்றைய மிஷினில் பாதரசம் இல்லாவிட்டாலும் கணக்கு அதே கணக்குதான்.

இந்த அறிவு ஒரே நாளில் வந்ததல்ல. இரத்தம் இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரல் வழியாகத்தான் இடப்பக்கத்துக்குப் போகிறது என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர், டமாஸ்கஸில் படித்து கெய்ரோவில் மருத்துவம் பார்த்த இப்னு நஃபீஸ். உடல் முழுதும் இரத்தம் சுற்றி வருவதை இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி 1628-ல் விளக்கினார். கையில் பட்டை கட்டிக் காற்றடித்து அளக்கும் முறையை இத்தாலியின் ரீவா-ரோச்சி 1896-ல் கொண்டுவந்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஒலி கேட்டு இரண்டு எண்களையும் கண்டுபிடிக்கும் முறையை ரஷ்யாவின் கொரோட்கோவ் 1905-ல் சொன்னார்.

வீட்டு மிஷின் ஒலியைக் கேட்பதில்லை. பட்டையில் காற்றை ஏற்றி இரத்தக் குழாயை ஒரு நொடி அடைத்து, பிறகு மெல்ல விடுகிறது. அப்போது குழாயில் எழும் துடிப்பின் அதிர்வைப் பட்டை வழியாக உணர்ந்து எண்ணைக் கணக்கிடுகிறது. அதனால்தான் கை அசைந்தாலோ பேசினாலோ அதன் கணக்கு தவறிவிடுகிறது.

டாக்டரிடம் பார்த்தால் போதாதா?

சிலருக்கு மருத்துவமனை வாசலை மிதித்ததுமே பி.பி. ஏறிவிடும். வீட்டில் சரியாக இருக்கும். இவர்களுக்குத் தேவையில்லாமல் மாத்திரை கூடிவிடக்கூடும். வேறு சிலருக்கு டாக்டரிடம் சரியாக இருக்கும், வீட்டிலும் வேலையிடத்திலும் கூடுதலாக இருக்கும். இந்த இரண்டாம் வகைதான் ஆபத்தானது, ஏனென்றால் யார் கண்ணிலும் படுவதில்லை. ஓசூர் சிப்காட்டுக்கும், பர்கூர், போச்சம்பள்ளி பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும், எல்லை தாண்டி பெங்களூருக்கும் போய் இரவு ஷிஃப்ட் பார்த்து, தூக்கம் கெட்டு வரும் நம் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 'எனக்கு முப்பத்தைந்து வயதுதானே' என்று சொல்லாதீர்கள். பி.பி. ஏறினால் பெரும்பாலும் தலைவலிகூட வராது. பார்த்தால்தான் தெரியும்.

வெளியே போய்ப் பார்க்கத் தயங்கும் நம் பெண்களுக்கும் வீட்டில் பார்ப்பது பெரிய வசதி.

எந்த மிஷின் வாங்குவது?

மேல் கையில் பட்டை கட்டும் தானியங்கி மிஷினையே வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவதிலும் விரலில் மாட்டுவதிலும் தவறு அதிகம் வரும். கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி மாத்திரை விஷயத்தில் முடிவெடுக்கக் கூடாது. துல்லியம் சோதிக்கப்பட்ட மாடல்தானா என்று கடையிலோ டாக்டரிடமோ கேளுங்கள்.

பட்டையின் அளவு மிக முக்கியம். தையல் டேப்பால் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவைப் பாருங்கள். மிஷினோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்கானது. அதற்கு மேல் இருந்தால் பெரிய பட்டையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பருமனான கையில் சின்னப் பட்டை கட்டினால் எண் கூடிக் காட்டும். நாம் மேலே சொன்ன தாயாருக்கு நடந்ததில் பாதி இதுதான்.

வாங்கியதும் அதை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ உங்கள் டாக்டரிடமோ எடுத்துப் போய், அங்குள்ள கருவியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வருடம் ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

பார்க்கும் முறை

1. பார்ப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் டீ, காபி, பீடி, சிகரெட், கடின வேலை எதுவும் வேண்டாம். சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்க்கக் கூடாது, போய்விட்டு வாருங்கள்.

2. முதுகு சாயும் நாற்காலியில் உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் பதியட்டும். கால்மேல் கால் வேண்டாம், சம்மணமும் வேண்டாம்.

3. ஐந்து நிமிடம் அமைதியாக இருங்கள். டி.வி., செல்போன், பேச்சு எதுவும் வேண்டாம். மனதுக்குள் திக்ரு செய்துகொண்டிருங்கள், மனமும் அமைதியாகும்.

4. பட்டையை வெறும் கையில் கட்டுங்கள். சட்டை, புர்கா, நைட்டி மேல் கட்டாதீர்கள். இறுக்கமான கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அது கயிறு கட்டியது போல் கையை இறுக்கும். அப்படிப்பட்ட உடுப்பிலிருந்து கையை வெளியே எடுத்துவிடுவதே நல்லது.

5. பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்க வேண்டும். குழாய் உள்ளங்கைப் பக்கமாக வரட்டும். பட்டைக்குள் ஒரு விரல் நுழையும் அளவு இறுக்கம் போதும்.

6. கையை மேசைமேல் வையுங்கள், பட்டை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். மேசை தாழ்வாக இருந்தால் தலையணை வைத்து உயர்த்துங்கள். பட்டை நெஞ்சிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே இருந்தால் எண் 7, 8 வரை கூடிவிடும். கை மடியில் கிடந்தால் இதுதான் நடக்கும்.

7. மிஷின் ஓடும்போது பேசாதீர்கள், பக்கத்தில் இருப்பவரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம். பேசினாலே 10 வரை எண் ஏறும்.

8. ஒரு நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். இரண்டையும் எழுதுங்கள். பிடித்த எண்ணை மட்டும் எழுதுவது நம்மை நாமே ஏமாற்றுவது.

முதல் முறை இரண்டு கையிலும் பாருங்கள். எதில் கூடுதலாக வருகிறதோ இனி அந்தக் கையிலேயே பார்க்க வேண்டும். இரண்டுக்கும் 10-க்கு மேல் வித்தியாசம் எப்போதும் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்த கையில் பட்டை கட்டவே கூடாது.

எப்போது, எத்தனை நாள்?

டாக்டரைப் பார்க்கப் போகும் முன் 7 நாள், குறைந்தது 3 நாள், காலை இரண்டு முறை, மாலை இரண்டு முறை பாருங்கள். காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன் பார்க்க வேண்டும். ஃபஜ்ர் தொழுதுவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் சரியாக இருக்கும். மாலையில் இரவு சாப்பாட்டுக்கு முன் பாருங்கள். இரவு ஷிஃப்ட் போகிறவர்களுக்குத் தூங்கி எழும் நேரம்தான் காலை. அவர்கள் எழுந்ததும் ஒருமுறை, அடுத்து படுக்கப் போகும் முன் ஒருமுறை பார்க்கட்டும்.

முதல் நாள் எண்களை விட்டுவிட்டு, மற்றவற்றைக் கூட்டி வகுத்துச் சராசரி எடுங்கள். உதாரணமாக ஒரு நாளின் நான்கு அளவுகள் 138/86, 142/88, 134/84, 130/82 என்றால், மேல் எண்களின் கூட்டல் 544, நான்கால் வகுத்தால் 136. கீழ் எண்களின் கூட்டல் 340, வகுத்தால் 85. ஆக அன்றைய சராசரி 136/85. பள்ளியில் படிக்கும் பிள்ளை இதைச் செய்துவிடும். நானிக்கும் தாதிக்கும் எழுதி வைக்கும் பொறுப்பைப் பேரப்பிள்ளையிடமே கொடுங்கள்.

பி.பி. கட்டுக்குள் வந்தபின் தினமும் பார்க்கத் தேவையில்லை. டாக்டர் சொல்லும் இடைவெளியில் பார்த்தால் போதும். ஒரு நாளில் பத்து முறை பார்ப்பது கவலையைத்தான் கூட்டும், கவலை பி.பி.யைக் கூட்டும்.

எந்த எண் என்ன சொல்கிறது?

டாக்டரிடம் 140/90 என்பது வீட்டில் 135/85-க்குச் சமம். வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால், இரண்டில் ஒரு எண் மட்டும் அப்படி இருந்தாலும், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை, சிறுநீரகம், இதய நோய் உள்ளவர்களுக்கு இன்னும் குறைவான இலக்கை டாக்டர் வைக்கலாம். ஒரே ஒரு முறை 150 வந்துவிட்டது என்பதற்காக அலற வேண்டாம், ஒரே ஒரு முறை 120 வந்தது என்று நிம்மதியும் அடைய வேண்டாம். பல நாள் சராசரிதான் பேசும்.

180/120 அளவுக்கு வந்தால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்து, உடம்பில் வேறு தொந்தரவு இல்லாவிட்டால் அன்றே டாக்டரைப் பாருங்கள். நீங்களாகக் கூடுதல் மாத்திரை போடாதீர்கள். அதனுடன் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கடும் தலைவலி, பார்வை மங்கல், குழப்பம் இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, பேச்சுக் குழறல் வந்தால் எண் என்ன என்று பார்த்துக்கொண்டிருக்கவே வேண்டாம். பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் மூளையின் நிமிடம். அந்தச் சகோதரரின் வீட்டில் 'கொஞ்சம் படுத்தால் சரியாகும்' என்று காத்திருந்த நேரத்தை இன்றும் நினைத்து வருந்துகிறார்கள்.

கர்ப்பிணிப் பெண்களுக்குக் கணக்கு வேறு. 140/90 வந்தாலே அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏழு நாள் சராசரி என்று காத்திருக்கக் கூடாது. தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, முகவீக்கம் இருந்தால் இன்னும் அவசரம்.

எழுந்து நின்றால் தலை சுற்றும் பெரியவர்களுக்கு, உட்கார்ந்து பார்த்தபின் எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஸஜ்தாவிலிருந்து எழும்போது கண் இருட்டினால் நாற்காலியில் தொழுவதில் வெட்கம் எதற்கு?

மாத்திரையும் உப்பும்

எண் நார்மலாக வருவது மாத்திரை வேலை செய்வதால்தான். குடை பிடித்திருப்பதால் நனையவில்லை. நனையவில்லையே என்று மழையில் குடையை மடக்குவோமா? கூட்டுவதோ, குறைப்பதோ, நிறுத்துவதோ டாக்டர் செய்ய வேண்டிய முடிவு. உங்கள் எண்கள் எழுதிய தாள்தான் அந்த முடிவுக்கு அவருக்கு உதவும். மூட்டு வலிக்கு மெடிக்கலில் நாமாக வாங்கிப் போடும் சில வலி மாத்திரைகளும் பி.பி.யை ஏற்றும் என்பதால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

உலக சுகாதார அமைப்பு சொல்லும் அளவு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு. அதாவது சமையல், ஊறுகாய், அப்பளம், கருவாடு, உப்புக்கண்டம், கடைப் பலகாரம் எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன். மாங்காய் விளையும் மாவட்டம் நமது, ஊறுகாய் ஜாடி இல்லாத வீடு அரிது. அதைத் தட்டிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

நோன்பு காலத்தில்

பி.பி. பார்ப்பதால் நோன்பு முறியாது, உடலுக்குள் எதுவும் போவதில்லை. ரமலானுக்குச் சில வாரம் முன்பே டாக்டரிடம் போய் மாத்திரை நேரத்தை ஸஹர், இஃப்தாருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். நாமாக நேரம் மாற்றக் கூடாது. சிறுநீர் போக வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை அவசியம் கேட்க வேண்டும், நீர் வற்றி மயக்கம் வரலாம். முதல் வாரம் எண்களை எழுதி வையுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. டாக்டர் வேண்டாம் என்றால், ஆலிமிடம் கேட்டு அந்தச் சலுகையை ஏற்றுக்கொள்வதும் கீழ்ப்படிதல்தான்.

நம் அறக்கட்டளை செய்யவிருப்பது

இன்ஷா அல்லாஹ், இனி நம்மிடமிருந்து மிஷின் பெறும் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வந்து செய்து காட்டுவோம், கையை அளந்து பொருத்தமான பட்டையே தருவோம். ஏற்கெனவே பெற்றவர்கள் ஜும்ஆவுக்குப் பிறகு மிஷினை அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள், சரிபார்த்துத் தருகிறோம். பெண்களுக்கு மதரஸாவில் பெண்களே சொல்லித் தருவார்கள். எண்களை எழுதும் அட்டையும் அங்கேயே கிடைக்கும். மாத்திரை வாங்கப் பணமில்லை என்று யாரும் நிறுத்திவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், போக முடியாதவர்கள் நம்மிடம் சொல்லுங்கள்.

இந்த உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பணப்பெட்டியின் கணக்கை ஒழுங்காக எழுதுவது போல இதன் கணக்கையும் எழுதி வைப்போம். நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன். அந்தச் சகோதரருக்காகவும் உங்கள் துஆவில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர், அறக்கட்டளை நிர்வாகத்தின் சார்பில்
நாகரசம்பட்டி